ஆடையும் நாடகப் பொருளும்: சிசில் பீட்டனின் அரங்கப் பணி

நாடக நூலை ஆராய்வோர் சொல்லையே நோக்கி, ஆடையையும் காட்சியமைப்பையும் புறத்தே ஒதுக்கிவிடுதல் பெருவழக்கு. அரங்கின் அளவையும் மூவகை எழினியையும் அரங்கேற்று காதையில் வகுத்துரைத்த இளங்கோவடிகள் அவற்றை அவ்வாறு ஒதுக்கினாரல்லர். ஆடையும் காட்சியும் நூற்பொருளுக்கு உரையாதல் கூடும் என்பதை, ஆங்கில அரங்கிலும் திரையிலும் பணியாற்றிய சிசில் பீட்டனின் (1904-1980) ஆக்கங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

நிழற்படக் கலைஞராகப் பெயர்பெற்ற பீட்டன், நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் ஆடையும் காட்சியும் அமைப்பவராக வளர்ந்தார். 'ஆன் ஐடியல் ஹஸ்பண்ட்' (1947), 'ஜிஜி' (1958) ஆகிய படங்களில் அவர் மீட்டுத் தந்தது, தாம் பிறந்த காலத்தை ஒட்டிய செல்வர் உலகமே. 'மை ஃபேர் லேடி' என்னும் இசை நாடகத்திற்கு 1956-இல் ஆடை வகுத்தார். 1964-இல் அது திரைப்படமானபோது காட்சியமைப்பிலும் பங்கேற்றார். ஆடைக்கு ஆஸ்கார் பரிசு பெற்றதோடு, காட்சியமைப்புக்கான பரிசையும் வேறிருவரோடு பகிர்ந்துகொண்டார்.

அதன் முதல்நூல் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்'. மலர் விற்கும் எலைசா, ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸிடம் பேச்சுப் பயின்று சீமாட்டியாகத் தோன்றுகிறாள். ஷா ஓர் இல்லத்து விருந்தில் வைத்த முதற்சோதனை, இசை நாடகத்தில் ஆஸ்கட் குதிரைப் பந்தயக் களத்திற்கு மாறியது. படத்தில் அக்கூட்டத்திற்குப் பீட்டன் தந்தவை கருப்பும் வெள்ளையும் சாம்பலுமே. ஏழாம் எட்வர்டு மன்னர் மறைந்த 1910-இல் ஆஸ்கட்டில் கூடியோர் துக்க உடை அணிந்ததை இது நினைவூட்டும். பல நிறம் ஒழியவே தனி ஆட்கள் மறைய, வகுப்பு ஒன்றே நிற்கிறது. அவ்விடத்து எலைசாவின் ஆடை பிழையற்றது, ஒலிப்பும் பிழையற்றது, பேசும் பொருளோ தெருவினது. நகை பிறப்பது இம்முரணில்.

ஆடையின் அழகு நாடகத்தை விழுங்கியது என்பார் உளர். ஒருபுடை அஃது உண்மையே. ஆஸ்கட் காட்சியில் நம் கண் ஆடையிலேயே தங்கி, ஷாவின் எள்ளலைச் சற்றே மறக்கிறது. ஆயின், நடன விருந்து முடிந்த இரவை நோக்குக. வெற்றி பெற்ற எலைசா, தான் அணிந்த ஆடைகள் தனக்கு உரியனவோ என வினவி, இரவல் நகைகளைக் கழற்றித் தருகிறாள். ஆடை எளியதாயின் அவ்வினா வலுவிழக்கும். அணியின் மிகுதியே அவளது உடைமையின்மையை உணர்த்துகின்றது. இங்கு ஆடை அலங்காரம் அன்று. அதுவே வழக்குப் பொருள்.

ஆதலின், ஏட்டை மட்டும் பயிலும் மாணவர் அவ்வினாவின் முழு நிறையை உணரார் என்பது எம் துணிபு.