உமறுப் புலவரின் மலையும் சுரமும்

சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தைப் படிப்போர்க்கு எழும் ஐயம் ஒன்றுண்டு. மேகம் மலையேறுகிறது, மழை பொழிகிறது, வெள்ளம் ஆறாகிப் பல நிலங்களையும் கடந்து வயலிற் பாய்கிறது, நெல் விளைகிறது. இது அரபு நாடா, பொருநைக் கரையா? காப்பிய மரபு அப்படி என்பர் தமிழ்ப் பேராசிரியர்கள். புலவர் அரபகத்தை நேரிற் கண்டவரல்லர் என்று மற்றொரு சாரார் மன்னித்துவிடுவர். இவ்விரு விடையும் நமக்கு நிறைவளிக்கவில்லை.

முதலில் மலையை எடுத்துக்கொள்வோம். மக்காவைச் சூழ்ந்த ஹிஜாஸ் மலைப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையன. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்க, அவை பிளந்து, பொடிந்து, மணலாய் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. மண்போர்வையற்ற அம்மலைகளில் பெய்யும் மழையைத் தாங்கி நிறுத்த ஏதுமில்லை. வறண்ட ஓடையெல்லாம் சிறிது நேரத்தில் வெள்ளக்காடாகும். ஹிஜ்ரி 1039இல், அதாவது கி.பி. 1630இல், அவ்வாறு புகுந்த வெள்ளம் கஅபாவின் சுவர்களையே சாய்த்தது. உதுமானிய சுல்தான் நான்காம் முராத் காலத்தில் அது மீளக் கட்டப்பட்டது. உமறுப் புலவர் பிறந்ததாகக் கொள்ளப்படும் 1642க்குப் பன்னிரண்டே ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது. ஆகவே, மக்கத்து மலையில் ஏது வெள்ளம் என்று புலவர்மீது வழக்குத் தொடுப்போர் சற்று நிதானிக்க வேண்டும். வெள்ளம் மெய், வயல்தான் பொய்.

அவ்வயல் நம்மை உறுத்துவது நிலநூற் பிழை என்பதற்காக அன்று. இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் குடும்பத்தைக் குடியமர்த்தியது பயிர் விளையாத பள்ளத்தாக்கில் என்பது திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயம் தரும் செய்தி. அங்கு இடம்பெறும் துஆவின் உருக்கமெல்லாம் அந்த வறட்சியில்தான் வேரூன்றி நிற்கிறது. நெல் விளையும் நாட்டில் ஹாஜரா அம்மையார் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏன் ஓட வேண்டும்? மலையை வளத்தின் ஊற்றாக்கிய புலவர், தம்மை அறியாமலே ஸம்ஸமின் அருமையைக் குறைத்துவிட்டார் என்றே நாம் கருதுகிறோம். மரபு என்பது இதற்குப் போதிய சமாதானமாகாது.

ஆனால் அதே விலாதத்துக் காண்டத்தில், ஷாம் நாட்டு வணிகப் பயணத்தினிடையே, சுரத்திற் புனலழைத்த படலம் வருகிறது. நீரின்றித் தவிக்கும் வணிகக் கூட்டத்திற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொருட்டாகப் புனல் வெளிப்படுகிறது. இங்கும் புலவர் கையாள்வது தமிழ் மரபையே. எனினும் இங்கே அம்மரபு அவரைக் காப்பாற்றுகிறது. பாலைக்கெனத் தனி நிலமில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்பது இளங்கோவடிகள் காடுகாண் காதையில் தரும் இலக்கணம். அரபியில் ஸஹ்ரா என்றால் அது ஓரிடத்தின் பெயர். தமிழில் பாலை என்றால் மலைக்கும் காட்டுக்கும் நேர்ந்த கதி. அக்கதியை அடைந்த நிலத்தில் நீர் தோன்றுகையில் மாந்தரின் தாகம் தீர்வதோடு, திரிந்த நிலமும் தன் இயல்புக்குத் திரும்புகிறது. முஃஜிஸாவுக்கு இப்பொருளைச் சேர்க்க ஸஹ்ரா என்ற சொல்லால் இயலாது. புலவரின் வெற்றி இப்படலமே.

திரிதல் என்ற சொல்லைத் திருப்பூரில் விளக்க உரையாசிரியர் தேவையில்லை. வெள்ளிங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் இவ்வூரைக் கடக்கையில் என்ன ஆயிற்று என்பதும், பாசனத்திற்கென 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானதும், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும் நம் மாணவர் வீடுகளில் பேசப்பட்ட செய்திகள். வெயில் செய்ததை இங்கே சாயம் செய்தது.

மலை நிலையற்றது என்பதை நாட்டுப் படலம் பாடும்போது திருமறையிலிருந்தே புலவர் எடுத்திருக்கலாம். அல்காரிஆ அத்தியாயம், இறுதிநாளில் மலைகள் பிரித்துக் கொட்டப்பட்ட 'இஹ்ன்' போலாகும் என்கிறது. தமிழ் மொழிபெயர்ப்புகள் சில இதனைப் பஞ்சு என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. இஹ்ன் பஞ்சன்று, கம்பளி. அதிலும் சாயமேற்றிய கம்பளி. மலைகள் வெண்மை, செம்மை, கருமை எனப் பல நிறத்தன ஆதலால் இவ்வுவமை வந்தது என ஜமக்ஷரீ தம் கஷ்ஷாஃபில் விளக்குகிறார். வெறும் பஞ்சு என்றால் மென்மை மட்டும் எஞ்சும், நிறம் போய்விடும். நிறம் போனால், பறப்பது மலைதான் என்ற அடையாளமும் போய்விடும்.

இதனை வகுப்பில் விளக்கியபோது, பின்வரிசை மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், மில்லில் கலர் பனியன் வேஸ்ட்டைக் கிழித்து நூலாக்கப் பஞ்சாக்குவார்களே, அது மாதிரியா?" என்று கேட்டார். ஆமென்றோம். அன்றுமுதல் அவ்விடத்தில் 'சாயப் பஞ்சு' என்றேனும் சொல்லாமல் நாம் கடப்பதில்லை. சீறாவையும் நாட்டுப் படலத்திலிருந்து தொடங்காமல், சுரத்திலிருந்தே தொடங்குகிறோம்.