நான்கு முதல் ஏழு வரை

“எழுத ஆசைதான், நேரம் எங்கே?” என்று சொல்லாத எழுத்தார்வலரை நாம் கண்டதில்லை. கடைக் கணக்கும், அடுப்படியும், பிள்ளைகளின் படிப்பும் ஒழியட்டும் என்று ஒத்திப் போடப்படும் கதைகள் பெரும்பாலும் எழுதப்படாமலே போகின்றன. இச்சாக்கு எவ்வளவு உண்மையானது என்பதை, எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூஸின் படைப்பைக் கொண்டு சற்றே ஆராய்வோம்.

1911இல் கெய்ரோவில் பிறந்த அவர், 1934இல் பட்டம் பெற்று அரசு ஊழியரானார். அறுபது வயது வரை, வக்ஃபு அமைச்சகம் முதலிய அலுவலகங்களில் கோப்புகளோடுதான் வாழ்ந்தார். பகல் இரண்டு மணி வரை அலுவல். நான்கு முதல் ஏழு வரை எழுத்து. அதன்பின் பத்து வரை படிப்பு. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. கண் ஒவ்வாமையால் கோடை மாதங்களில் எழுதவும் இயலாது. இவ்வாறு எஞ்சிய நேரத்தில் உருவானதே 1956, 1957ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த கெய்ரோ நாவல்.

ஒழுங்கான உழைப்பு படைப்பை இயந்திரமாக்கிவிடும் என்பார் உளர். இந்நாவல் அதை மறுக்கிறது. நள்ளிரவில் கணவனுக்காக விழித்தெழும் ஆமினா, விடியலில் மாவு பிசையும் ஓசை, பிற்பகலில் தாயைச் சூழ்ந்து பிள்ளைகள் அருந்தும் காபி: அன்றாடம் திரும்பத் திரும்ப வருபவற்றைக் கொண்டே ஆசிரியர் ஒரு குடும்பத்தைக் கட்டி எழுப்புகிறார். 1919 கிளர்ச்சியில் மகன் ஃபஹ்மி மடிந்தபின், அதே காபி வேளை மீண்டும் வருகிறது. இடம் வெறுமையாயிருப்பதை நாம் உணர்கிறோம். வழக்கத்தின் அருமை அறிந்த கைக்கே இது கூடும்.

எனினும், வழக்கம் மட்டும் போதுமென நாம் வாதிடவில்லை. 1952 புரட்சிக்குப் பின் மஹ்ஃபூஸ் சில ஆண்டுகள் நாவல் எதுவும் எழுதவில்லை. தாம் விமர்சித்த பழைய சமுதாயமே மறைந்துவிட்டதென்று கருதினார். சொல்லச் செய்தி இல்லாத வேளையில் வெறும் பக்கங்களை நிரப்பாததும் ஓர் ஒழுக்கமே. ஆனால் செய்தி வந்தபோது, அதை ஏற்கப் பழகிய கை ஆயத்தமாயிருந்தது.

1988இல் நோபல் பரிசு பெற்ற அம்முதியவர், 1994இல் கத்தியால் குத்தப்பட்டார். வலக்கை நலிந்தது. மீண்டும் எழுத்துப் பழகி, நாளொன்றுக்குச் சிறிது நேரமே எழுத முடிந்த நிலையிலும், கனவுகளைப் பற்றிய மிகச் சிறிய கதைகளை யாத்தார். மூன்று மணி நேரம் சில நிமிடங்களாகச் சுருங்கியது, வழக்கம் அறுபடவில்லை.

நம் வீட்டு மூதாட்டியரின் சொல்வழக்கும், கடல்கடந்து சென்ற பாட்டனாரின் கதைகளும் அவர்களோடு மறைந்து வருகின்றன. அவை நமது ஓய்வுக்காகக் காத்திரா. மூன்று மணி நேரம் வேண்டாம். நாள்தோறும் அரைமணி நேரத்தையேனும் இன்றே குறித்துக்கொள்வோம்.