சிதைந்த வீடும் சிதையாத இல்லறமும்

நகைச்சுவைப் படத்தை முடித்தல் எளிதன்று. சிரிக்க வைத்தே வந்த கதை, இறுதியில் ஒரு திருமணத்தையோ அறிவுரையையோ துணைக்கழைத்து ஒதுங்கிவிடுவதுண்டு. அவ்வழியை நாடாதது, பஸ்டர் கீட்டன் 1920இல் எட்டி கிளைனுடன் சேர்ந்து இயக்கிய ‘ஒன் வீக்’ என்னும் பேசாப்படம். இரண்டே சுருள்களில் அடங்கும் குறும்படம் அது.

புதுமணத் தம்பதியர்க்கு ஒரு மனையும், பெட்டிகளில் அடைத்த வீட்டு உறுப்புகளும் பரிசாகக் கிடைக்கின்றன. எண் வரிசைப்படி பொருத்தினால் வீடு எழும். மணப்பெண்ணை அடைய இயலாத ஒருவன் எண்களை மாற்றிவிடுகிறான். கோணல் வீடு எழுகிறது. புயலில் பம்பரமாய்ச் சுழல்கிறது. கட்டிய மனையும் தவறு. உரிய மனை இருப்புப்பாதைக்கு அப்பால் உள்ளது என்பது பின்னரே தெரிகிறது.

இழுத்துச் செல்கையில் வீடு தண்டவாளத்தில் சிக்குகிறது. விரைந்து வரும் தொடர்வண்டி பக்கத்துப் பாதையில் சென்றுவிடுகிறது. இருவரும் பெருமூச்சு விடும் வேளையில், எதிர்த்திசையில் வந்த மற்றொரு வண்டி வீட்டை நொறுக்கிச் செல்கிறது.

தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும் நகைக்கு நிலைக்களனாகக் கூறும். இழவையோ அழுகைக்கு உரியதாக்கும். அவ்வாறாயின், வீடிழந்தாரைக் கண்டு நாம் சிரிப்பது ஏன்? எண் மாறியதை நாம் அறிவோம், அவர்கள் அறியார். ஆதலின் முதலில் அவர்தம் பேதைமை கண்டு சிரித்தோம். இரண்டாம் வண்டியையோ நாமும் எதிர்பார்க்கவில்லை. அவர்களோடு பெருமூச்சு விட்டோம், அவர்களோடு ஏமாந்தோம். இறுதிச் சிரிப்பில் நம் பேதைமையும் கலந்திருக்கிறது. ஆகவே அது எள்ளலாகாது.

பின்னர் கீட்டன் இடிபாட்டில் ‘விற்பனைக்கு’ என்ற பலகையை வைக்கிறார். வீடு கட்டும் முறை கூறும் தாளையும் மறவாது இணைக்கிறார். மனைவியுடன் நடந்து செல்கிறார். சிபில் சீலி நடித்த அம்மனைவி, வீடு கட்டுகையில் உடன் உழைத்தவள்.

1922இல் வந்த ‘காப்ஸ்’ படத்தையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். அதில் காதலி புறக்கணித்த நாயகன், தன்னைத் துரத்திய காவலரிடமே திரும்பிச் செல்கிறான். கல்லறைக் கல்லின்மீது அவன் தொப்பி தெரியப் படம் முடிகிறது. அங்கே அவனுக்கு இழக்க வீடில்லை. உடன் நடக்கத் துணையுமில்லை. இரு முடிவுகளையும் அடுத்தடுத்துக் காணும் மாணவர், ‘ஒன் வீக்’ ஏன் அழுகையில் முடியவில்லை என்பதைத் தாமே உணர்வர்.