துளைகளில் எழுதிய அபயக்குரல்

கடலில் தத்தளிப்போரை மீட்கும் பணியை அஞ்சல்தலை என்னும் சிறு தாளுக்குள் அடக்குவது எளிதன்று. அலையின் உயரமும் படகின் சிறுமையும் ஒருங்கே தெரிந்தால்தான் ஆபத்தின் அளவு பார்ப்பவருக்கு விளங்கும். பிரித்தானிய அஞ்சல்துறை 2008 மார்ச்சில் வெளியிட்ட ஆறு கடல் மீட்பு அஞ்சல்தலைகளில் உயிர்காப்புப் படகுகளும் ஹெலிகாப்டர்களும் இடம்பெற்றன. அவற்றின் தனிச்சிறப்போ, அஞ்சல்தலைகளைப் பிரித்தெடுக்க உதவும் ஓரத் துளைவரிசையிலேயே மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்னும் மோர்ஸ் அபாயக் குறியீடு அமைந்திருந்தமையாகும். அழகுக்கென வரையப்படும் கரையைவிட, பயனுக்கென இடப்படும் துளையே செய்தியைத் தாங்கி நிற்பது வடிவமைப்பாளரின் நுண்ணறிவைக் காட்டுகிறது.

1978இல் முறைப்படி நிறுவப்பட்ட இந்தியக் கடலோரக் காவல்படையைச் சிறப்பித்து இந்திய அஞ்சல்துறையும் 2008இல் அஞ்சல்தலைகளை வெளியிட்டது. மண்டபம் என்னும் ஊரிலுள்ள அப்படையின் நிலையத்தில், காற்று மெத்தையின்மேல் மிதந்து, ஆழமற்ற நீரிலும் மணல்திட்டிலும் ஒருசேர ஓடக்கூடிய ஹோவர்கிராஃப்ட் ஊர்திகள் இயங்குகின்றன. பவளத்திட்டுகளும் தீவுகளும் நிறைந்த மன்னார் வளைகுடாவின் கரையிலுள்ள பெரியபட்டினம் போன்ற ஊர்களுக்கு இவ்வூர்தியின் அருமை எளிதில் விளங்கும். ஆயினும், கடலில் ஒருவர் விழுந்தால் முதலில் கைகொடுப்பது பெரும்பாலும் அருகில் வலைவீசும் மீனவரின் படகே ஆதலால், உயிர்காப்பு மேலாடை அணிந்து கயிறு வீசும் மீனவரும் ஓர் அஞ்சல்தலைக்கு உரியவரே.