முப்பது வயதுதான் தொடக்கமா?

நுரையீரல் மருத்துவத்தில் இப்போது எங்கு பார்த்தாலும் 'இளம் வயதிலேயே பிடி' என்பதே பேச்சு. சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு உலகமே பின்பற்றும் கோல்டு வழிகாட்டியின் 2023 அறிக்கையில் 'முன்-சிஓபிடி', 'இளையோர் சிஓபிடி' என்ற பெயர்கள் ஏறியிருக்கின்றன. இதே கோல்டு 2001இல் 'நிலை 0' என்று ஒன்றை வைத்தது. அந்நிலையில் இருப்பவர்கள் நோய்க்குள் போயே தீருவார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2006இல் அதைத் தூக்கியும் போட்டது. அன்று வெளியே போனது இன்று வேறு சட்டையில் உள்ளே வந்திருக்கிறது.

இளைஞர்களைத் தேடிப் போவது சரிதான். திடீரென இறந்த இளம் புகைப்பவர்களின் நுரையீரலை அறுத்துப் பார்த்த 1974ஆம் ஆண்டு ஆய்வே, மிகச் சிறிய காற்றுக் குழாய்களில் அழற்சி இருந்ததைக் காட்டியது. அறுபது வயதில் இருமிக்கொண்டு வருபவரிடம் நோயின் தொடக்கத்தைத் தேட முடியாது.

ஆனால் யாரைத் தேடுகிறார்கள்? லண்டன் இம்பீரியல் கல்லூரி முன்னின்று நடத்தும் பிரிட்டிஷ் ஆய்வில் சேர 30 முதல் 45 வயதுக்குள் இருக்க வேண்டும். குறைந்தது 10 'பாக்கெட்-ஆண்டு' புகைத்திருக்க வேண்டும். தினம் இருபது வீதம் பத்து வருடம் என்று பொருள். (நம் பெட்டிக்கடையின் பத்து சிகரெட் பாக்கெட் இந்தக் கணக்கில் பாதிதான்.) 2018இல் ஒரு நிபுணர் குழு முன்வைத்த 'தொடக்கநிலை சிஓபிடி' வரையறையிலும் இதே 10தான் வாசல்.

கோளாறு இந்த வாசலில் இருக்கிறது. நுரையீரல் இருபதுகளின் தொடக்கத்தில் முழு வளர்ச்சியை எட்டி, பிறகு மெல்ல இறங்கும். குறைமாதப் பிறப்பு, சிறு வயது நெஞ்சுச் சளி, அம்மா புகைத்தது, பதினைந்து வயதில் தானே பற்றவைத்தது என எதனாலோ ஒருவரின் நுரையீரல் அந்த உச்சத்தை எட்டாமலே போயிருக்கலாம். முப்பத்தைந்தில் அவரை முதன்முறையாக அளப்பவர் காண்பது ஒரு குறைந்த எண் மட்டுமே. அது மேலிருந்து சரிந்ததா, ஏறவே இல்லையா என்பதை அந்த எண் சொல்லாது. இது நுணுக்கவாதம் அல்ல. 2015இல் பீட்டர் லாங்கே குழு வெளியிட்ட ஆய்வில், சிஓபிடி வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நாற்பதுக்கு முன்பே மூச்சளவு குறைவு; அதன்பின் அது வேகமாகச் சரியவும் இல்லை. ஆண்டுக்குச் சராசரி 27 மில்லிலிட்டர்தான். மற்றப் பாதிக்கு 53. இரு தரப்பும் புகைத்தது ஏறத்தாழ ஒரே அளவு. அப்படியிருக்க, புகைத்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து, கண்ட குறையையெல்லாம் சிகரெட் கணக்கில் எழுதுவது எப்படி ஆய்வாகும்?

சில வருடம் தொடர்ந்து அளந்தால் தெரிந்துவிடுமே என்பார்கள். மூச்சளவை அளக்கும் ஸ்பைரோமெட்ரி அறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். மூக்கில் கிளிப்பு, வாயில் குழாய், பக்கத்தில் நிற்பவர் "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று குரல் கொடுக்க, ஊதுபவர் முகம் சிவந்து போகும். முதல் நொடியில் வெளிவரும் காற்றுதான் முக்கிய அளவு. ஒரே நாளில் ஊதிய சிறந்த இரண்டு அளவுகளுக்கிடையே 150 மில்லிலிட்டர் வரை வித்தியாசம் இருந்தாலும் விதிப்படி அது நல்ல பரிசோதனை. இவர்கள் பிடிக்க நினைக்கும் 'வேகமான சரிவோ' ஆண்டுக்கு 60. இரண்டு மூன்று வருடத்தில் ஒரு தனி மனிதரைப் பற்றி இதில் என்ன தீர்ப்பு எழுத முடியும்?

எழுதினால் லாபம் மருந்துச் சந்தைக்குத்தான். முப்பது வயதில் நோயாளி ஆனவருக்கு நாற்பது வருடம் இன்ஹேலர் விற்கலாம். அதுவும் கைகொடுப்பதாகத் தெரியவில்லை. மூச்சளவு சரியாக இருந்தும் தொல்லை உள்ள, புகைத்துப் பழகியவர்களுக்கு இரட்டை மருந்து இன்ஹேலர் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2022இல் வெளியானது. தொல்லையைக் குறைப்பதில் போலி மருந்தைவிட அது மேலாக இல்லை. 5,887 புகைப்பவர்களை வைத்து 1994இல் வெளியான 'லங் ஹெல்த் ஸ்டடி'யோ, புகையை விட்டால் சரிவின் வேகம் குறையும் என்று எப்போதோ காட்டிவிட்டது.

தொடக்கத்தைத்தான் தேடுகிறார்கள் என்றால் வழி பக்கத்திலேயே இருக்கிறது. பிரிஸ்டல் வட்டாரத்தில் 1991–92இல் கருவுற்றிருந்த தாய்மாரிலிருந்து தொடங்கிய ஆய்வில், பிள்ளைகளின் மூச்சளவு எட்டு, பதினைந்து, இருபத்து நான்கு வயதுகளில் பதிவாகியிருக்கிறது. அவர்களில் புகைப்பவரும் உண்டு, புகைக்காதவரும் உண்டு. இப்போது அவர்களுக்கு முப்பது தாண்டிவிட்டது. அடுத்த நிதி அவர்களைத் திரும்ப அளக்கப் போகட்டும்.