கிழிசலும் ஓவியமும்

அரூப ஓவியத்துக்குச் சாதி கிடையாது என்கிறார்கள். கோடு, நிறம், பரப்பு, அவ்வளவுதானாம். சரி, அந்தப் பரப்பில் ஒரு துண்டுத் துணியை ஒட்டினால்? துணிக்குச் சாதி இருந்திருக்கிறதே!

செத்தவர் துணியே சண்டாளருக்கு உடை என்றது மனு. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்மேல் விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மார்பை மூடக் கூடாது. முழுத்துணி மறுக்கப்பட்ட சனங்களுக்குக் கிழிசல் ஒன்றும் புதுமையான ஓவியப் பொருள் அல்ல.

ஜெர்மனியின் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1919 வாக்கில் குப்பையில் கிடந்த டிக்கெட், துணி, கம்பியை ஒட்டிப் படம் செய்தார். இத்தாலியின் புர்ரி 1950களில் கிழிந்த சாக்கைத் தைத்துச் சட்டத்தில் மாட்டினார். அது நவீன கலை. நம்ம காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணத்துத் தண்ணியில் நடவு நட்ட பொம்பளைங்க பழம்புடவையை அடுக்கித் தைச்சா அது கந்தல். ரெண்டும் ஒட்டுவேலைதான். அங்கே கீழே கையெழுத்து இருந்தது. இங்கே பிள்ளைகள் போர்த்திக்கிட்டுத் தூங்கின.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். மிசௌரி பெட்வே 1942இல், இறந்துபோன புருசனின் வேலைத்துணிகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். பட்டையும் கட்டமும் மட்டும்தான், உருவம் கிடையாது. ஆனால் அதில் ஒரு உழைப்பாளி இருக்கிறான். அந்த ஊர்ப் போர்வைகள் 2002இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின, தைத்தவர் பெயரோடு.

தலித் ஓவியன் அழுகிற முகத்தைத்தான் வரையணும், பறையைத்தான் போடணும் என்று எதிர்பார்ப்பதும் ஆதிக்கமே. உள்ளங்கை அளவு அட்டை, தையல்கடை வாசலில் விழும் வெட்டுத்துணி, மைதாப் பசை, கரி, காவி, சுண்ணாம்பு. கேன்வாஸ் வாங்க வழியில்லாத மாணவனுக்கு இது போதும்.

ஆனால் நூல் பிரிந்த ஓரத்தைக் கத்தரித்து, கறையை வெளுத்து, தையலை மறைத்துவிட்டால் மிஞ்சுவது வரவேற்பறை அலங்காரம்தான். அதற்காகக் கந்தலைப் புனிதமாக்கவும் வேண்டாம். அம்பேத்கர் கோட்டு சூட்டோடு நிற்பதை நாம் மறந்துவிட முடியாது. நமக்கு முழுத்துணியும் வேணும், கிழிசலைப் பற்றிப் பேசுகிற உரிமையும் வேணும்.

தோழர்களே, உங்க வீட்டுப் பழம்போர்வையைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி, அதைத் தைச்சவங்க பேரைக் கேட்டு எழுதி வையுங்க.