முதல் எதிர்வினையும் மறுமதிப்பீடும்: கே. பி. சுந்தராம்பாளின் ‘நந்தனார்’ (1935)

விருப்பத்திற்குரிய கலைஞர் பழகிய தடத்திலிருந்து விலகும்போது, ரசிகர் பழையதை அளவுகோலாகக் கொண்டே புதியதை எடைபோடுகின்றனர். கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் (1908–1980) முதல் திரைப்படமான ‘நந்தனார்’ இதற்குத் தக்க சான்றாகும்.

எஸ். ஜி. கிட்டப்பாவின் மேடை இணையாக ரசிகர் போற்றியவர் அவர். 1933இல் கிட்டப்பா மறைந்தபின், ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என உறுதிபூண்ட அவர், ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்தில் நந்தனாராக ஆண்வேடம் ஏற்றார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். இரு பெருங்குரல்கள் இருந்தும் படம் வெற்றிபெறவில்லை. பனைமரமும் எருமைக்கிடாவும் நன்கு நடித்திருப்பதாகக் கல்கி ‘ஆனந்த விகட’னில் எள்ளினார்.

இவ்வெள்ளலின் இலக்கு நடிப்பு என்பது கருதத்தக்கது. பெண் ஆண்வேடமிடுவது மேடையில் பழகிய மரபு. தொலைவும் பாட்டும் அவ்வேடத்தை ஏற்கச் செய்தன. கேமரா அத்தொலைவைக் குறைத்தது. ஆகவே, மேடை மரபை அப்படியே திரைக்குப் பெயர்த்த முறையே தோற்றது எனலாம்.

‘ஔவையார்’ (1953) இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. காதல் துணை வேண்டாத, பாட்டால் நகரும் பக்திப் பாத்திரம் என்னும் அதே வார்ப்பு, பாலும் வயதும் பொருந்தியபோது பெருவெற்றி கண்டது. எனினும், இதனைக் கொண்டு 1935இன் ரசிகரைச் சுவையறியாதவர் எனல் பொருந்தாது. அவர்கள் குறையை உணர்ந்தனர். காரணம் பின்னரே புலனாயிற்று. முதல் எதிர்வினையை ஆய்வாளர் தீர்ப்பாகக் கொள்ளாது சான்றாகக் கொள்வதே முறை.